லேபிளில் இல்லாத பெயர்கள்

சாராயம் காய்ச்சுவது கைவேலை. ஊறல் எப்போது புளித்தது, எப்போது கெட்டது என்று மூக்கு சொல்ல வேண்டும். தீ எவ்வளவு போதும் என்று கை சொல்ல வேண்டும். முதலில் சொட்டுவதைத் தள்ளி, நடுவில் வருவதைப் பிடித்து, கடைசியில் நாறிக்கொண்டு வருவதை விட்டுவிடத் தெரிய வேண்டும். படித்துப் பாஸ் பண்ணுகிற வித்தை இல்லை இது. பக்கத்தில் நின்று பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு கற்பது. இந்த வேலையை யார் செய்தார்கள், யார் பெயர் பாட்டிலில் ஏறியது என்று கேட்டுக்கொண்டு விஸ்கிப் பக்கம் போனால், வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும் விஸ்கியும் நமக்குத் தெரிகிற விஸ்கியும் வேறு வேறாக இருக்கின்றன.

அப்படிப்பட்ட வழிகாட்டிப் புத்தகங்கள் இப்போது நிறைய வருகின்றன. நாலைந்தை உட்கார்ந்து வாசித்தேன். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒன்று, நாக்கு பழகியவருக்கு ஒன்று, பித்து முற்றியவருக்கு ஒன்று என்று படி கட்டிச் சொல்கிறார்கள். உபயோகமான விஷயம் அவற்றில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வரலாறு என்று வந்தால் எல்லாவற்றிலும் ஒரே கதை: ஒரு பாதிரியார் கண்டுபிடித்தார், ஒரு டாக்டர் சீர்படுத்தினார், ஒரு கெட்டிக்காரப் பையன் கம்பெனி தொடங்கினான். காய்ச்சினது யாருங்க? அது மட்டும் கிடையாது.

குடியைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன எழுத்து என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். குடி தின்ற வீடுகளை நானும் பார்த்தவன், எண்ணிச் சொல்லவும் முடியும். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடிக்கிறவன் கிளாஸில் இருப்பது என்னவென்று தெரிந்து குடிக்கட்டும். அதற்கு முதலில் அது என்ன பொருள் என்பது தெரிய வேண்டும்.

நம்ம ஊர் ஆளுக்கு விஸ்கி என்றால் டாஸ்மாக்கில் வாங்கும் குவார்ட்டர். இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் நெடுங்காலமாக விற்றதில் பெரும்பகுதி, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் நிறமும் மணமும் சேர்த்தது. கொஞ்சம் விலை கூடியதில் கொஞ்சம் மால்ட் கலந்திருக்கும். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது. விஸ்கி என்றால் தானியம். பார்லி, மக்காச்சோளம், ரை, கோதுமை இவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ மாவாக்கி, வெந்நீரில் கரைத்து, ஊறலாக்கி, காய்ச்சி, ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடத்துவது. அடுப்பிலிருந்து இறங்கும்போது தண்ணீர் மாதிரி வெள்ளையாகத்தான் இருக்கும். நிறம் மரத்திலிருந்து வருவது. கிடக்கிற காலத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்று அந்தத் தொழிலில் சொல்கிறார்கள். தேவதைக்குப் பங்கு எழுதி வைத்தவர்கள் காய்ச்சினவனுக்கு எழுதவில்லை.

நானும் இரண்டு நண்பர்களும் சில வருடங்களாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவர அனுமதி உள்ள இரண்டு லிட்டருக்குள் ஏதாவது ஒரு பாட்டில் வாங்கி வருவார்கள். உட்கார்ந்து ஆளுக்கு முப்பது மில்லி. முதலில் தண்ணீர் சேர்க்காமல் முகர்வது. மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால் எரித்துவிடும். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக முகர்ந்தால் மணம் பிரியும். ஒரு வாய் எடுத்து நாக்கில் சுற்றவிட்டு விழுங்குவது. பிறகு பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி. தண்ணீர் பட்டதும் சில விஸ்கி மலர்கிறது, சில செத்துப் போகிறது. ஐஸ் போட்டால் மணம் அடங்கிவிடும். சோடாவும் கோலாவும் ஊற்றிக் குடிப்பது தப்பில்லை, ஆனால் அப்போது தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. எதை ஊற்றினாலும் ஒன்றுதான்.

வழிகாட்டிகளோடு எனக்கு முதல் சண்டை வந்தது மணத்தில்தான். பழைய தோல் நாற்காலி, சுருட்டுப் பெட்டி, கிறிஸ்துமஸ் கேக், பேரிக்காய்ப் பணியாரம் என்று எழுதுகிறார்கள். எந்த வீட்டில் வளர்ந்தவனுடைய மூக்கு இது? என் வீட்டில் தோல் நாற்காலி இருந்ததில்லை. தோல் எப்படி நாறும் என்பது எங்கள் ஆட்களுக்கு வேறு விதமாகத் தெரியும். நாங்கள் எங்கள் சொற்களை எழுதி வைக்க ஆரம்பித்தோம். வெல்லப்பாகு அடிபிடிக்கிற மணம். சுட்ட சோளக்கதிர். மழையில் நனைந்த விறகு. நாட்டு மருந்துக் கடை. டிஞ்சர். கருவாட்டுக் கூடை. இப்படி எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் பிடிபட்டது. தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் மூக்குக்குத் தெரிந்த சொல்லை எழுதுங்கள், அச்சடித்த சொல்லைத் தேடி மோந்துகொண்டிருக்க வேண்டாம்.

முதலில் பிடித்துப் போனது போர்பன். பிஸ்கட்டுக்கு வைத்திருக்கிறார்களே, அதே பெயர். அமெரிக்கச் சட்டப்படி அதன் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. பாட்டிலில் குறைந்தது 80 ப்ரூஃப், அதாவது 40 சதவீத ஆல்கஹால். மக்காச்சோளத்தின் இனிப்பும், கருகிய மரத்தில் பாகாகிப்போன சர்க்கரையும் சேர்ந்து வருவதால் புது நாக்குக்கு உறுத்தாது. ரைக்குப் பதில் கோதுமை சேர்த்த மேக்கர்ஸ் மார்க் போன்றவை இன்னும் மென்மை. பீப்பாய் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்க வேண்டும் என்பதால் ஒரு முறை பயன்படுத்தியவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. ஸ்காட்ச் சட்டம் பழைய பீப்பாயை அனுமதிக்கிறது, மூன்று வருடம் குறைந்தபட்சம். ஆகவே ஸ்காட்ச் குடித்து அதில் வெனிலா மணம் என்று சிலாகிக்கிறவர் பல நேரம் கென்டக்கிக்காரன் ஊற வைத்த மரத்தைத்தான் முகர்கிறார்.

ஸ்காட்சை வேகமாகக் கடக்கிறேன், அதைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளம். ஒன்று மட்டும். ஐலே தீவுச் சரக்கில் வரும் புகை, பார்லியை உலர்த்தும்போது எரிக்கும் பீட் என்ற சதுப்பு மண்ணிலிருந்து வருவது. விறகு இல்லாத தீவில் ஏழைகள் வெட்டி எரித்த மண் அது. முதல் தடவை முகர்ந்தபோது என் நண்பர் ஆஸ்பத்திரி வார்டு என்று கிளாஸைத் தள்ளிவிட்டார். எனக்கு அடுப்படிப் புகையும் அயோடினும் கலந்து வந்தது, பிடித்தது. தொடங்குகிறவர் இதில் தொடங்க வேண்டாம், அவ்வளவுதான்.

போர்பனுக்கு அடுத்து ரை விஸ்கிக்குப் போனோம். அதில் ரை தானியம் 51 சதவீதத்துக்குக் குறையாது. மிளகும் காய்ந்த வைக்கோலும் மாதிரி ஒரு காரம். அமெரிக்காவின் பழைய விஸ்கி போர்பன் அல்ல, இதுதான் என்று சொல்லி எல்லாப் புத்தகமும் ஒருவர் பெயரைப் போடுகிறது: ஜார்ஜ் வாஷிங்டன்.

வாஷிங்டன் கதை ருசியானது. 1791ல் விஸ்கிக்கு வரி போட்டது அவர் அரசாங்கம். மேற்குப் பென்சில்வேனியாவின் சின்ன விவசாயிகள் எதிர்த்தார்கள். விளைந்த தானியத்தைச் சந்தைக்குத் தூக்கிப்போக வழியில்லாமல் சாராயமாக்கி விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். 1794ல் ஏறக்குறைய 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி அந்தக் கலகத்தை அடக்கினார். பதவியிலிருந்து இறங்கிய 1797லேயே தன் மவுன்ட் வெர்னன் பண்ணையில் வடிசாலை தொடங்கினார். பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்காட்லாந்துக்காரர், கொடுத்த யோசனை. ஐந்து செப்புக் கொப்பரைகள். 60 சதவீதம் ரை, 35 சதவீதம் மக்காச்சோளம், 5 சதவீதம் முளைகட்டிய பார்லி. 1799ல் சுமார் 11,000 காலன் எடுத்தார்கள். அந்நாளில் அமெரிக்காவின் பெரிய வடிசாலைகளில் ஒன்று.

11,000 காலனை எடுத்தது ஆண்டர்சனின் கையா, வாஷிங்டனின் கையா? ஹேன்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமொதி. ஆறு பேர். ஆறு பேரும் அடிமைகள். விறகு பிளந்து, தண்ணீர் சுமந்து, கொதிக்கும் மாவைத் துடுப்பால் கிண்டி, கொப்பரையின் அடியிலேயே கிடந்து வேலை செய்தவர்கள். இந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் வாஷிங்டன் கணக்கு வழக்கில் கறாரான ஆள் என்பதுதான். தன் சொத்துகளைப் பட்டியல் போட்டபோது மனிதர்களையும் பெயரோடு, வேலையோடு எழுதி வைத்தார். சொத்துப் பட்டியலே வருகைப் பதிவேடானது. 1814ல் அந்த வடிசாலை எரிந்து போனது. இந்த நூற்றாண்டில் அதே இடத்தில் திரும்பக் கட்டி, அதே முறையில் காய்ச்சிக் காட்டினார்கள். நண்பர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், வெக்கையில் பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை என்று.

எல்லா முதலாளியும் வாஷிங்டன் மாதிரி பெயர் எழுதவில்லை. 1850, 1860ஆம் ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனித்தாள். அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயருக்குக் கட்டமே கிடையாது. கறுப்பின மக்கள் அத்தனை பேரும் பெயரோடு எழுதப்பட்ட முதல் கணக்கெடுப்பு 1870. கென்டக்கியிலும் டென்னசியிலும் விஸ்கித் தொழில் வளர்ந்த காலமே இந்தப் பெயரற்ற காலம்தான். பிற்பாடு வரலாறு எழுத உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது உடைமையாளர் பெயர் மட்டும். அதையே கண்டுபிடித்தவர் பெயராக எழுதிவிட்டார்கள்.

உதாரணத்துக்கு எலைஜா கிரெய்க். பாப்டிஸ்ட் போதகர், போர்பனைக் கண்டுபிடித்தவர் என்று பாட்டிலே உண்டு. அவர் காலத்து ஆதாரம் எதுவும் அதைச் சொல்லவில்லை; 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய ஒரு வரலாற்று நூலிலிருந்து ஊதிப் பெருக்கிய கதை. அவரும் அடிமைகளை வைத்திருந்தவர். அடுத்து டாக்டர் ஜேம்ஸ் குரோ. லேபிள்களில் 'சவர் மாஷ்' என்று பார்த்திருப்பீர்கள். முந்தின ஈட்டில் காய்ச்சி மிஞ்சிய புளித்த தண்ணீரில் கொஞ்சத்தை அடுத்த ஊறலில் சேர்ப்பது. தோசைமாவில் பழைய மாவு ஒரு கரண்டி விட்டு ஆட்டுகிறோமே, அந்த மாதிரி. வேண்டாத கிருமி அண்டாது, ஒவ்வொரு ஈடும் ஒரே மாதிரி வரும். இதைக் கண்டுபிடித்தவர் குரோ என்பது புத்தகக் கதை. ஆனால் 1818லேயே கேதரின் கார்ப்பென்டர் என்ற கென்டக்கிப் பெண் தன் கையால் எழுதி வைத்த செய்முறைக் குறிப்பு இருக்கிறது. குரோ ஸ்காட்லாந்திலிருந்து வந்து சேருவதற்கு முந்தியது. குரோ செய்தது அளவுகோலும் வெப்பமானியும் வைத்து ஒழுங்குபடுத்தியது, அது சின்ன வேலையில்லை, ஒப்புக்கொள்கிறேன். அவர் வேலை பார்த்த ஆஸ்கர் பெப்பரின் வடிசாலையில் அளவுகோல் பிடித்தவர் அவர் என்றால் துடுப்புப் பிடித்தவர்கள் பெப்பரின் அடிமைகள். ஓல்ட் குரோ என்று பாட்டில் உண்டு. மற்றவர்கள் பெயரில் இல்லை.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது, செத்தவர்கள் செத்துவிட்டார்கள் என்று தோன்றலாம். டென்னசியில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

உலகத்தில் மிக அதிகம் விற்கும் அமெரிக்க விஸ்கிகளில் ஒன்று ஜாக் டேனியல்ஸ். கறுப்பு லேபிள், சதுரப் பாட்டில். நம் ஊரில் குடிக்காதவனுக்கும் அந்தப் பாட்டிலைத் தெரியும், பனியன்கூடப் போட்டிருப்பான். டென்னசி மாநிலம் லிஞ்ச்பர்க் என்ற சின்ன ஊரில் காய்ச்சுகிறார்கள். போர்பன் போலவே எல்லாம் செய்துவிட்டு, பீப்பாயில் ஊற்றுவதற்கு முன் ஒரு வேலை கூடுதல். சர்க்கரை மேப்பிள் மரத்தைச் சட்டம் சட்டமாக அடுக்கித் தீ வைத்து, கரியாகும் நேரத்தில் தண்ணீர் அடித்து அணைத்து, அந்தக் கரியைப் பத்தடி ஆழத் தொட்டியில் நிரப்பி, மேலிருந்து விஸ்கியைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். கீழே வந்து சேர நாள்கணக்கு ஆகும். முரட்டுக் குணம் கரியில் தங்கிவிடும். லிங்கன் கவுண்டி முறை என்று பெயர். லிஞ்ச்பர்க் 1871 வரை லிங்கன் கவுண்டியில்தான் இருந்தது. 2013ல் டென்னசி இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது: டென்னசி விஸ்கி என்று போட வேண்டுமானால் மேப்பிள் கரியில் இறக்கியே ஆக வேண்டும். ஒரே ஒரு வடிசாலைக்கு விலக்கு, ப்ரிச்சர்ட்ஸ். வேடிக்கை என்னவென்றால் இன்றைய லிங்கன் கவுண்டிக்குள் இருப்பது அதுதான்.

முறையைக் கண்டவர் என்று மரபாகச் சொல்லும் பெயர் 1825ஐ ஒட்டி ஆல்ஃபிரட் ஈட்டன். மேற்கு ஆப்பிரிக்காவில் நீரையும் உணவையும் கரியால் சுத்தம் செய்த பழக்கத்திலிருந்து அடிமைகள் கொண்டு வந்தது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது ஊகம், எனக்கு உவப்பான ஊகம் என்பதற்காக உண்மை என்று எழுத மாட்டேன். ஆவணத்தில் இருப்பதே நமக்குப் போதும்.

ஜாக் டேனியல் தாயை இழந்த பையன். வீட்டைவிட்டு வந்து டான் கால் என்ற லூதரன் போதகர் பண்ணையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். போதகர் மளிகைக்கடையும் வைத்திருந்தார், வடிசாலையும் வைத்திருந்தார். பையனுக்கு வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் போதகர்தான் என்று கம்பெனி தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. உண்மையில் கற்றுக்கொடுத்தவர் நேதன் கிரீன். நியரஸ்ட் கிரீன் என்று எல்லோரும் அழைத்த கறுப்பின அடிமை. லேண்டிஸ் அண்ட் கிரீன் என்ற நிறுவனத்தின் உடைமையாக இருந்து, போதகருக்கு வாடகைக்கு விடப்பட்டவர். ஏர்மாடு வாடகைக்கு விடுகிற மாதிரி. இந்தப் பக்கத்தில் இவரைவிட நன்றாகக் காய்ச்சத் தெரிந்தவர் இல்லை என்ற பொருளில் போதகரே சொல்லி, பையனை அவரிடம் ஒப்படைத்ததாக 1967ல் பென் கிரீன் எழுதிய ஜாக் டேனியல் வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. ஆகவே இது யாரோ புதைத்து வைத்த ரகசியம் இல்லை. அச்சில் இருந்தது. அந்த ஊர்க் கறுப்பினக் குடும்பங்களின் வாயில் இருந்தது. வடிசாலையைச் சுற்றிக்காட்டும்போது சொல்லும் கதையில் மட்டும் இல்லை.

1865ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஜாக் தன் பெயரில் வடிசாலை தொடங்கினார்; 1866 என்று கம்பெனி சொல்கிறது, பத்திரங்களைப் பார்த்தவர்கள் 1875 என்கிறார்கள். தொடங்கியதும் தலைமை வடிப்பாளராக நியரஸ்டை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் அவர் பிள்ளைகள் ஜார்ஜ், ஈலை முதலானோர் அங்கேயே வேலை செய்தார்கள். ஜாக் அடிமை வைத்திருந்ததாக ஆதாரம் இல்லை. கூலி கொடுத்தார், குடும்பத்தோடு நெருக்கமாகவும் இருந்தார். அதையும் சொல்ல வேண்டும்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த ஒரு போட்டோ உண்டு. வடிசாலை ஆட்கள் வரிசையாக. நடுவில் ஜாக் டேனியலுக்குப் பக்கத்தில், பின்வரிசையில் ஒதுங்காமல், அவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார் ஒரு கறுப்பர். நியரஸ்டின் மகன் ஜார்ஜ் என்று நம்புகிறார்கள். பேருந்திலும் பள்ளியிலும் தண்ணீர்க் குழாயிலும் நிறம் பார்த்துப் பிரித்து வைத்த நாட்டில், அந்தக் காலத்தில், அப்படி ஒரு போட்டோ அபூர்வம். நான் ரொம்ப நேரம் பார்த்தேன். எத்தனை வருடமாக எத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமல்!

1911ல் ஜாக் இறந்தார், சொத்து மருமகன் வழி மோட்லோ குடும்பத்துக்குப் போனது, 1956ல் பிரவுன்-ஃபோர்மன் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. 2016ல் கம்பெனி தன் 150ஆம் ஆண்டைக் கொண்டாடியபோதுதான் நியரஸ்ட் கதையைத் தானே பேசத் தொடங்கியது. அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க் டைம்ஸில் கிளே ரைசன் எழுதிய கட்டுரை விஷயத்தை உலகத்துக்குக் கொண்டுபோனது. அதில் அவர் பெயர் நியரிஸ் என்று அச்சானது. எழுத்தே அப்போது சரியாகவில்லை. அதைப் படித்த ஃபான் வீவர் என்ற கறுப்பின எழுத்தாளர் லிஞ்ச்பர்குக்குப் போய், ஆவணங்களைக் கிளறி, வாரிசுகளிடம் பேசி, நியரஸ்ட் என்பதே சரி என்று உறுதி செய்தார். போதகருடைய பழைய பண்ணையையே விலைக்கு வாங்கினார். 2017ல் ஜாக் டேனியல்ஸ் கம்பெனி நியரஸ்ட் கிரீனைத் தன் முதல் தலைமை வடிப்பாளராக அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. கம்பெனி தானாக மனம் மாறியதா, விற்பனைக்கு நல்லதென்று பார்த்ததா என்று கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

அதே 2017ல் வீவர் 'அங்கிள் நியரஸ்ட்' என்ற பெயரில் விஸ்கி கொண்டுவந்தார். எனக்கு இந்த 'அங்கிள்' உறுத்துகிறது. தெற்கு மாநிலங்களில் வயதான கறுப்பின ஆணை மிஸ்டர் என்று அழைக்க வெள்ளையருக்கு நாக்கு வராது. அங்கிள் என்பார்கள், பெண்ணை ஆன்ட்டி என்பார்கள். உறவு மாதிரி ஒலிக்கும், மரியாதை கொடுக்காமல் தப்பிக்கிற வழி. நரைத்த கிழவரைப் பெயர் சொல்லி வாடா போடா என்று கூப்பிடுகிற ஊர்த்தெருப் பொடியனைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. லிஞ்ச்பர்கில் ஜாக்கையும் வயதான காலத்தில் அங்கிள் ஜாக் என்றார்கள், அந்த ஊரில் அது பாசமாகவும் இருந்திருக்கலாம். இருந்தாலும் கம்பெனி விளம்பரத்தில் அவர் மிஸ்டர் ஜாக். வாரிசுகள் அங்கிள் என்பதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் தாத்தா, அவர்கள் உரிமை. வெளியாளான எனக்கு உறுத்துகிறது, அவ்வளவே.

குடித்தும் பார்த்தோம். 1884 என்று ஒன்று, நியரஸ்ட் கடைசியாகப் பீப்பாய் நிரப்பியதாகக் கருதும் ஆண்டு, 93 ப்ரூஃப். 1856 என்பது 100 ப்ரூஃப், கொஞ்சம் காரம். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. வெல்லப்பாகு, சுட்ட சோளம், பின்னால் ஒரு கரித்துவர்ப்பு, பல் தேய்க்கக் கரி வைத்த காலத்து ஞாபகம் மாதிரி. இந்த விஸ்கியைத் தேர்ந்து கலந்தவர் விக்டோரியா ஈடி பட்லர், நியரஸ்டின் எள்ளுப்பேத்தி. தெரிந்தவரை அமெரிக்காவில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். ஆனால் லேபிளை வாசிக்கப் பழகியவர்கள் இங்கேயும் வாசிக்க வேண்டும். ஆரம்பப் பாட்டில்களில் இருந்தது மற்ற டென்னசி வடிசாலைகளிலிருந்து வாங்கிய சரக்கு. புதுக் கம்பெனிகள் பெரும்பாலும் இப்படித்தான். இந்தியானாவில் ஒரே ஒரு பெரிய ஆலையிலிருந்து வாங்கித் தாத்தா கதை ஒட்டி விற்பவை எத்தனையோ.

விஸ்கிப் பித்து உள்ளவர்கள் முதலில் கற்கும் பாடமும் இதுதான். வடித்தவர் என்று ஒரு பெயர் இருக்கிறதா, அல்லது தயாரித்து அடைத்தவர் என்று மழுப்புகிறதா பார். வயது போட்டிருந்தால் அது கலவையில் மிக இளையதன் வயது. 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருந்தால் 1897ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே வடிசாலை, ஒரே பருவம், குறைந்தது நான்கு வருடம், 100 ப்ரூஃப்; எந்த வடிசாலை என்ற எண்ணும் இருக்கும். கலப்படக்காரர்கள் புகையிலைச் சாறு ஊற்றி நிறமேற்றிய காலத்தில் வந்த சட்டம். கைக்காசுக்கு நம்பி வாங்க இன்றும் இந்த வகைதான் மேல். லட்ச ரூபாய்க்குப் போகும் அபூர்வப் பாட்டில்களைத் துரத்துகிறவர்கள் துரத்தட்டும். பெயரையும் பாருங்கள். ரெபல் யெல் என்று ஒரு போர்பன். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் போர்க்கூச்சல்தான் அந்தப் பெயர், தெற்கு மாநிலங்களில் விற்பதற்கென்றே தொடங்கியது. 2020ல் கூச்சலை எடுத்துவிட்டு ரெபல் என்று மட்டும் வைத்துக்கொண்டார்கள். கோதுமை சேர்த்த நல்ல இனிப்புச் சரக்கு என்கிறார்கள். நண்பர் வாங்கி வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நியரஸ்ட் பெயரிலான வடிசாலை 2019 செப்டம்பரில் டென்னசியின் ஷெல்பிவில்லில் திறந்தது. குதிரைப் பண்ணையாக இருந்த பெரிய நிலம். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். 2025 ஜூலையில் கடன் கொடுத்த நிறுவனம் 10 கோடி டாலருக்கு மேல் பாக்கி என்று வழக்குப் போட்டது. ஆகஸ்டில் நீதிமன்றம் கம்பெனியை நடத்தத் தன் சார்பில் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. அப்படிப்பட்ட வழக்கில் சொத்து என்று கணக்கெடுப்பது நிலம், கொப்பரை, பீப்பாயில் கிடக்கும் விஸ்கி, அதோடு வணிகப்பெயர். ஒரு காலத்தில் ஆளை வாடகைக்கு விட்டார்கள். இப்போது அவருடைய பெயர் கடன்காரர்களின் கணக்கில் ஒரு வரி.

எங்களிடம் 1856இல் பாதிப் பாட்டில் மிச்சம் இருக்கிறது. ஷெல்பிவில்லிலேயே வடித்தது எப்போது பாட்டிலுக்கு வருகிறதோ அதை வாங்கி இதோடு பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்க்க வேண்டும் என்று நண்பர் சொல்லி வைத்திருக்கிறார்.